கண்ணாடிச் சுவரும் மாமனாரும்

ஊருக்குப் போவதென்று முடிவானால் எங்கள் வீட்டில் டிக்கெட் எடுக்கும் வேலை சட்டென்று முடிந்துவிடும். ரூம் போடுவதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். ஏனென்றால் அது ஒரு ஆள் வேலை இல்லை, கமிட்டி வேலை. மனைவிக்குக் குளியலறை பளிச்சென்று இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மகளுக்கு அறை போட்டோவில் அழகாக வர வேண்டும், வைஃபை ஓட வேண்டும். மாமனாருக்கு லிஃப்ட், வெந்நீர், ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடுகிற தூரம். எனக்கு ஒரே நிபந்தனை, வாடகை. அதனால் கமிட்டியில் என் பேச்சு எடுபடாது. பணம் கட்டும்போது மட்டும் கூப்பிடுவார்கள்.

மலிவாகவும் இருக்க வேண்டும், கதவைத் திறந்ததும் "அட!" என்று சொல்லும்படியும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே அறையில் கிடைப்பதற்குள் நமக்கு வயசாகிவிடும்.

ரூம் போடுகிற இணையதளத்தில் நான் 'குறைந்த விலை முதலில்' என்று அடுக்கிப் பார்ப்பேன். முதலில் வருகிற அறைகளைப் பார்த்தால் படம் எடுத்தவரே உள்ளே வரப் பயந்து வாசலில் நின்று எடுத்த மாதிரி இருக்கும். மனைவி 'அதிக மதிப்பெண் முதலில்' என்று அடுக்குவாள். அதில் முதலாவதாக வருகிற அறையில் ஒரு ராத்திரி தங்கினால் திரும்பி வர டிக்கெட் எடுக்க முடியாது. எதையும் தொடாமல் விட்டால் வருவது தளம் தானாகப் போட்டுவைத்த வரிசை. ஓட்டல்கள் தருகிற கமிஷனுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்று தளங்களே ஒரு மூலையில் சின்ன எழுத்தில் சொல்லி வைத்திருக்கின்றன.

மகள் ஒரு நாள் கேப்சூல் ஓட்டல் போகலாம் என்றாள். 1979இல் ஜப்பானில் ஒசாகாவில் முதன்முதலாகத் திறந்தார்களாம். கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, ஏறிப் படுத்து திரையை இழுத்துவிட வேண்டியதுதான். மலிவு, புதுமை, போட்டோவுக்கும் நன்றாக வரும். மாமனார் படத்தை உற்றுப் பார்த்தார். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "அப்பர் பெர்த்தா? அதுதான் வரும்போதே ரயிலில் இருக்குமே, அங்கே போய் வேறயா?" என்றார். அந்தத் தீர்மானம் அப்படியே கிடப்பில் போனது.

அவருக்கு அந்தத் தளங்களின் சிவப்பு எழுத்துதான் எமன். 'இந்த விலையில் ஒரே ஒரு அறைதான் பாக்கி! இப்போது 12 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!' என்று வந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "மாப்பிள்ளை, போட்டுருங்க, போட்டுருங்க, போயிடும்." அந்தப் பன்னிரண்டு பேரும் வேறு வேறு தேதிக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்படி அவசரப்படுத்துவது நியாயமில்லை என்று பிரிட்டனில் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற ஆணையம் பிடித்து உலுக்க, 2019இல் பெரிய தளங்கள் ஆறு தங்கள் வழக்கத்தைத் திருத்திக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டன. இதைச் சொன்னதும் மாமனார் சமாதானமானார். மறுநாள் காலையில் பார்த்தால் அதே ஒரு அறை அப்படியே பாக்கி இருந்தது. "பாவம், யாரும் எடுக்கவில்லை போல" என்றார்.

நட்சத்திரத்தை நம்பலாமா என்று ஒரு விவாதம் ஓடியது. உலகம் முழுமைக்கும் பொதுவான நட்சத்திரக் கணக்கு என்று ஒன்று கிடையாது. சில நாடுகளில் அரசாங்கம் தருகிறது, சில இடங்களில் ஓட்டல்காரர்களின் சங்கம் தருகிறது. ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 2009இல்தான் ஒரு பொது அளவுகோலுக்கு வந்தன. அதிலும் எண்ணுவது பெரும்பாலும் வசதிகளை: வரவேற்பில் எத்தனை மணி நேரம் ஆள் இருப்பார், அறையில் என்னென்ன இருக்கும் என்பது மாதிரி. அறை அழகா, பணிவோடு பேசுவார்களா என்பதற்கு நட்சத்திரத்தில் இடமில்லை. ஆகவே மூன்று நட்சத்திரம் சில சமயம் நான்கைவிட நன்றாக இருக்கும். இதை நான் சொன்னபோது "வாடகை குறைவு என்பதற்காகச் சொல்கிறீர்கள்" என்று மனைவி முடித்துவிட்டாள்.

படம் பார்ப்பதில் மகள் கில்லாடி. அறைப் படங்களை 16 மில்லிமீட்டர் மாதிரி அகன்ற லென்ஸில் மூலையில் நின்று எடுப்பார்கள், அதனால்தான் எல்லா அறையும் கல்யாண மண்டபம் போலத் தெரிகிறது என்றாள். படத்தின் ஓரத்தில் இருக்கிற தலையணையையும் கெட்டிலையும் பார்க்க வேண்டுமாம், அவை இழுத்துவிட்டது போல நீண்டிருந்தால் லென்ஸின் வேலை. "படத்தை விடுங்கப்பா, சதுர மீட்டரைப் பாருங்க." சரி, பார்த்தோம். 10 சதுர மீட்டர் என்றால் சுமார் 108 சதுர அடி. ஐந்தடிக்கு ஆறரையடி கட்டில் ஒன்று போட்டால் 32 போச்சு. குளியலறைக்கு ஒரு 30 போச்சு. மிச்சத்தில் பெட்டியைத் திறந்தால் நாம் வெளியே நிற்க வேண்டும். நால்வருக்கு 20 சதுர மீட்டராவது வேண்டும் என்று மகள் தீர்ப்பு சொன்னாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. 22 சதுர மீட்டர், குடும்ப அறை, வெள்ளை வெளேரென்று விரிப்பு, பெரிய ஜன்னல், அறை முழுக்க வெளிச்சம். வாடகையும் என் கணக்குக்குள் அடங்கியது. மதிப்பெண் 10க்கு 9. சரித்திரத்தில் முதல் தடவையாகக் கமிட்டி ஏகமனதாகக் கை தூக்கியது.

ஊர் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் நல்ல மரியாதை. கதவைத் திறந்ததும் நால்வரும் ஒரே குரலில் "அட!" என்றோம். படத்தில் இருந்த அதே வெளிச்சம், அதே விரிப்பு. மகள் போனை எடுத்துவிட்டாள். மனைவி மட்டும் சுற்றும் முற்றும் பார்த்து, "பாத்ரூம் எங்கேங்க?" என்றாள்.

கண்ணெதிரேதான் இருந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மங்கல் கண்ணாடியோ கோடு போட்டதோ இல்லை, நல்ல தெளிவான, துடைத்து வைத்த கண்ணாடி. உள்ளே ஷவர், வாஷ் பேசின், கம்மோடு மூன்றும் ஜம்மென்று வெளிச்சத்தில் இருந்தன. படத்தில் அறை ஏன் அவ்வளவு விசாலமாகத் தெரிந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை.

மாமனார் கம்மோடைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது பார்வைக்கு வைத்திருக்கிறார்களா, புழங்கவா?"

போன் போட்டதும் வரவேற்பிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். வேறு அறை இருக்கிறதா என்றேன். "எல்லா அறையும் இப்படித்தான் சார், இதுதான் எங்கள் ஸ்பெஷல்" என்றார், பெருமையாகவே. சின்ன அறையும் பெரிசாகத் தெரியுமாம், ஜன்னல் வெளிச்சம் குளியலறைக்கும் கிடைக்குமாம். வாஸ்தவம்தான், வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. இது குடும்ப அறை என்றுதானே போட்டிருந்தீர்கள் என்றேன். ஆமாம், நான்கு கட்டில் இருக்கிறதே என்றார். அதற்கு மேல் என்ன பேச? இரண்டு பெட்ஷீட்டும் ஒரு டேப் சுருளும் கொண்டுவந்து கொடுத்தார். டேப்பைத் தயாராக வைத்திருந்ததைப் பார்த்தால், நாங்கள் முதல் ஆள் இல்லை என்று தெரிந்தது.

டேப் காய்ந்த கண்ணாடியில் நன்றாகத்தான் ஒட்டியது. வெந்நீரைத் திறந்து ஆவி பரவியதும் இடது மேல் மூலை மெல்ல உரிந்தது. அப்புறம் நடு. பெட்ஷீட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச நேரம் ஒரே டேப் துண்டில் தொங்கிப் பார்த்துவிட்டு, சொத்தென்று விழுந்தது. உள்ளே மாமனார் சோப்புப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தோம். இன்றைக்கும் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். தீப்பிடித்தால் லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

அன்று மாலையே மாமனார் ஓட்டல் குறிப்பேட்டில் ஒரு கால அட்டவணை போட்டுக் கதவில் ஒட்டிவிட்டார். வருகை, புறப்பாடு, நிற்கும் நேரம் என்று கட்டம் கட்டி. ஒருவர் குளிக்க மற்ற மூவரும் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். மகளுக்கு அரை மணி நேரம் கொடுத்ததில் எனக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சியது. ஒரு காலையில் துண்டும் பிரஷ்ஷுமாக நாங்கள் நின்றுகொண்டிருக்க, பக்கத்து அறைக்காரர் ஒருவர் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டார், ஏதோ டிபன் வரிசை என்று நினைத்து. வெகு நேரம் நின்றார். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

ராத்திரிக்கு அட்டவணை கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் போதும் என்று நினைத்தோம். கண்ணாடிக்குள் சென்சார் விளக்கு வைத்திருந்தார்கள். ஆள் நுழைந்ததும் தானாக, முழு வெளிச்சத்தில் எரியும். யார் எழுந்து போனாலும் மற்ற மூவரும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது என்று பேசாமலே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

அந்த 10க்கு 9 எப்படி வந்தது என்று மனைவி அங்கேயே படுத்தபடி ஆராய்ந்தாள். 'ரொம்ப ரொமான்டிக்கான அறை! 10க்கு 10' என்று அடுக்கடுக்காக எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் எழுதியதை மட்டும் காட்டு என்று வடிகட்டினால் மொத்தமே சிலர்தான். அத்தனை பேரும் கண்ணாடியைப் பற்றித்தான் அலறியிருந்தார்கள். ஒருவர் டேப்பைப் பற்றியும் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து தேடுகிற பொறுப்பு முழுக்க அவளிடம் போய்விட்டது, எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அவள் முறையே தனி. பத்துக்குப் பத்து போட்டவர்களைத் தொடமாட்டாள், அவர்கள் எங்கே தங்கினாலும் சந்தோஷமாக இருப்பார்கள். ஒன்று போட்டவர்கள் யாரோடோ சண்டை போட்டுவிட்டு எழுதியவர்கள். ஆறும் ஏழும் போட்டவர்களை மட்டும், அதுவும் குடும்பத்தோடு போனவர்கள், அதுவும் கடைசி சில மாதங்களுக்குள் எழுதியவர்களைப் படிப்பாள். "மலிவான ரூமில் குறை இல்லாமல் இருக்காதுங்க. நமக்கு எந்தக் குறை பரவாயில்லை என்று பார்த்துப் போட வேண்டியதுதான்" என்பாள். இது எனக்கு நூறு சதவீதம் சரியாகவே படுகிறது. அழகான அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதென்றால் யாரோ எதையோ பிடிக்காமல் போயிருக்கிறார்கள். அது நமக்குப் பிடித்ததாகவோ, நாம் கண்டுகொள்ளாததாகவோ இருந்துவிட்டால் அடித்தது யோகம்.

விலை மட்டும் இன்னும் என் இலாகா. அதில் மாமனாருக்கு ஓயாத புலம்பல். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை, இது என்ன சந்தையா என்பார். விமானக் கம்பெனிகள் 1980களில் பழக்கிவிட்ட வித்தை, ஓட்டல்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். 1962இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் மோட்டல் 6 தொடங்கியபோது ஓர் இரவுக்கு 6 டாலர், விலையையே பெயராக வைத்தார்கள். பெயர் அப்படியே இருக்கிறது, விலைதான் எங்கேயோ போய்விட்டது. நான் செய்வதெல்லாம் தேதியை நகர்த்துவது. அலுவலக வேலையாக வருபவர்களை நம்பியிருக்கிற பகுதிகளில் சனி, ஞாயிறு ராத்திரிகளில் அறைகள் காலியாகக் கிடக்கும், விலையும் இறங்கும். சுற்றிப் பார்க்க வருபவர்கள் மொய்க்கிற பகுதியில் இதுவே தலைகீழ். அப்புறம் கடைசிப் பக்கம்வரை போய் மொத்தத் தொகையைப் பார்க்காமல் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் சுற்றுலா வரி மட்டுமே அறை வாடகையில் 12.5 சதவீதம். அமெரிக்காவில் கட்டாயக் கட்டணங்களையெல்லாம் கடைசியில் அவிழ்த்துவிடுகிற பழக்கத்தைத் தடுக்க, மொத்த விலையை முதலிலேயே காட்டு என்று 2025 மே மாதம் விதியே கொண்டுவந்துவிட்டார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற வகையில் ஒன்றைப் போட்டு வைத்துவிட்டு, நேராக ஓட்டலுக்கே போன் அடித்து விலை கேட்பதும் உண்டு. சில சமயம் குறைப்பார்கள், சில சமயம் போனை வைத்துவிடுவார்கள்.

அடுத்த பயணத்துக்கு மனைவி ஒன்றைப் பிடித்தாள். பழைய கட்டடம், உயர்ந்த கூரை, மர ஜன்னல், பார்க்க அவ்வளவு லட்சணம். வாடகையைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. குறைகளைப் படித்துக் காட்டினாள். படுக்கை கெட்டி. மாமனார் முதுகுவலிக்காரர், அது அவருக்குச் சாதகம். லிஃப்ட் ரொம்ப மெதுவாக நகருகிறது. நகர்ந்தால் சரி. ஜன்னலுக்கு நேர் எதிரே ரயில் பாதை, ராத்திரியெல்லாம் வண்டி ஓடுகிறது, தூங்கவே முடியவில்லை. இதைத்தான் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை லைன்?"

போய் இறங்கியதும் மகள் முதல் வேலையாகக் குளியலறைக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். செங்கல். மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு, காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். மாமனார் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கையில் கடிகாரத்தைக் கட்டியபடி உட்கார்ந்தவர்தான், ஊர் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால் "இந்த வண்டி போகட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி வண்டி தடதடக்கும்போதெல்லாம் நாங்கள் மூவரும் புரண்டு படுப்போம், அவர் குறட்டை மட்டும் தாளம் தப்பாமல் ஓடும்.

கிளம்புகிற அன்று தளத்திலிருந்து மதிப்பீடு கேட்டு வந்தது. நானே சொல்கிறேன் என்று அவர் பேத்தியை டைப் அடிக்கச் சொன்னார். படுக்கை நன்று. வெந்நீர் நன்று. குளியலறைக்குச் சுவர் உண்டு. 10.40 வண்டி மட்டும் தினமும் தாமதமாக வருகிறது. 10க்கு 8.

"தாத்தா, ரயில் லேட்டானால் ஓட்டல் என்ன பண்ணும்?"

"எதிரில்தானே இருக்கிறது ஸ்டேஷன், போய்ச் சொல்லலாமே" என்றார். மகள் அப்படியே டைப் அடித்து அனுப்பிவிட்டாள்.