அம்மாவுக்கு அந்த ஊசி போட்ட நாட்கள்

அம்மாவுக்கு 52 வயது. கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்துக்கொண்டு வந்து, வெயில் ஏறுவதற்குள் கடை போட்டுவிடுவார். காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததே இல்லை. போன வருஷம் படுத்தார். 9 நாள் ஆகியும் 103-க்குக் கீழே இறங்கவில்லை.

முதலில் போன நர்சிங் ஹோமில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டாக இருக்கும் என்று ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். பிளேட்லெட் 1,40,000-ல் இருந்து 62,000 ஆனது, பிறகு 38,000. வெள்ளை அணுவும் குறைந்தது, ஹீமோகுளோபினும் குறைந்தது. ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் 70-ல் இருந்து 12-க்கு இறங்கியது. ‘இன்பெக்‌ஷன் குறையுது’ என்றார்கள். நானும் அதை நம்பி அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோனாலும் ஈ.எஸ்.ஆர். இறங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் அடித்துக்கொண்டே இருக்கும்போது ஈ.எஸ்.ஆர். தானாக இறங்கினால், அது ஏன் என்று கேளுங்கள்.

10-வது நாள் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினோம். ரத்தவியல் டாக்டரம்மா வந்து வயிற்றை அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். உடம்பில் இரும்புச் சத்தைச் சேர்த்து வைக்கும் ஃபெரிடின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். 14,860 வந்தது. சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டியது. இடுப்பு எலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். கிருமியை விழுங்க வேண்டிய பெரிய வெள்ளை அணுக்கள் அம்மாவின் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கிக்கொண்டிருந்தன.

நோயின் பெயர் எச்.எல்.எச். (ஹீமோஃபாகோசைடிக் லிம்ஃபோஹிஸ்டியோசைடோசிஸ்). உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு காரணத்தால் கிளம்பி, வேலை முடிந்த பிறகும் அடங்காமல் கல்லீரல், மஜ்ஜை என்று எல்லாவற்றையும் அடிப்பது. எட்டு அறிகுறிகளில் ஐந்து இருந்தால் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாமாம். காய்ச்சல், மண்ணீரல், அணுக்குறைவு, ஃபெரிடின், 110-க்கு இறங்கிவிட்ட ஃபைப்ரினோஜன், மஜ்ஜை: அம்மாவுக்கு ஆறு இருந்தது. பெரியவர்களுக்கு வந்தால் பின்னால் ரத்தப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று ஸ்கேன், காசநோய், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் தேடினார்கள். கடைசியில் ரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கிடைத்தது; நோயைக் கிளப்பிவிட்டது அதுதான்.

அன்று மாலையே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 16 மி.கி. ஆரம்பித்தார்கள். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எடோபோசைட் என்றதும்தான் பிரச்சினை. மாமா போனில் தேடிவிட்டு வந்து வராந்தாவில் கத்தினார்: “இது கேன்சருக்குப் போடுற மருந்துடா. ஏற்கெனவே அணு இல்ல. இதப் போட்டா இருக்கறதும் போயிடும். அக்காவக் கொன்னுடாதீங்கடா.”

அவர் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. கையெழுத்துப் போடாமல் ஒரு ராத்திரி இழுத்தேன். காலையில் டாக்டரம்மா எங்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். “மருந்து கொடுத்து அணு குறையல சார், நோயே குறைக்குது. நோய அடக்கினாதான் அணு ஏறும். அணு ஏறட்டும்னு காத்திருந்தா ஏறவே ஏறாது.” கட்டுக்கடங்காமல் பெருகிய டி-செல் என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களை எடோபோசைட் அழிக்கும் என்றார். 1994-ல் குழந்தைகளுக்காக வகுத்த முறை இது; பெரியவர்களுக்கு அளவைக் குறைத்து, வாரம் ஒரு முறை கொடுப்போம் என்று விளக்கினார்.

மாமா அப்போதும் தலையாட்டவில்லை. உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது: “போடப் போறது எனக்கு. என்னாண்ட கேளுங்க.” கேட்டோம். “போடச் சொல்லு” என்றார்.

150 மி.கி. சலைனில் கலந்து இரண்டு மணி நேரம் ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் விழுமாம்; நர்ஸ் கால் மணிக்கொரு முறை வந்து பார்த்தார். நான் பாட்டிலில் விழும் சொட்டையே எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை தெர்மாமீட்டர் 99.2 காட்டியது. நம்பாமல் இன்னொரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டாவது டோஸுக்குப் பிறகு, கிருமியோடு மோதும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 400-க்கு இறங்கியது. தனி அறை, மாஸ்க், பச்சைக் காய்கறி கிடையாது, வெளிச் சாப்பாடு கிடையாது. நிமோனியா வராமலிருக்க செப்ட்ரான் மாத்திரை. வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஸ்டீராய்டால் சர்க்கரை 340 போனது, சர்க்கரையே இல்லாதவருக்கு இன்சுலின் போட்டோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் ‘நெத்திலி எப்படிப் போவுது?’ என்று விலை கேட்டுக்கொண்டிருப்பார். பிளேட்லெட் கொடுக்கக் காசிமேட்டுப் பையன்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது.

பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எடோபோசைட், டெக்ஸாமெத்தசோன் இரண்டுமே பழைய மருந்துகள், விலை அதிகமில்லை. எங்களுக்குச் செலவானது பரிசோதனைக்கும் ரத்தத்துக்கும் படுக்கைக்கும். இதற்கு அடங்காவிட்டால் ரக்ஸோலிடினிப் என்ற மாத்திரையை யோசிப்போம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். மூட்டுவாதம் போன்ற நோயால் வரும் எச்.எல்.எச்.க்கு வைத்தியம் வேறு மாதிரியாம். அதனால் எங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்து உங்கள் வீட்டு நோயாளிக்கு இதுதான் என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தவியல் டாக்டரைப் பாருங்கள், சீக்கிரம் பாருங்கள்.

40 பக்க நோட்டு ஒன்றில் தினமும் எழுதினேன். ஃபெரிடின் 14,860, 9,200, 3,100, 640. ஸ்டீராய்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாதி: 16, 8, 4, 2. நன்றாகத்தானே இருக்கிறார் என்று நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. 4 மி.கி.யில் இருந்தபோது ஒரு ராத்திரி 100.4 வந்தது. நோய் திரும்பிவிட்டதென்று ஆட்டோ பிடித்து ஓடினோம். சாதாரணச் சளி. ஆனாலும் ஓடி வந்தது சரிதான் என்றார் டாக்டரம்மா; டோஸைக் குறைக்கும்போதுதான் இது திரும்ப வருமாம். எடோபோசைட் ஆறு டோஸோடு நின்றது. வைரஸின் அளவும் கூடவே இறங்கிவந்தது.

முடி முழுக்கக் கொட்டி இப்போது விரல் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கடைக்குப் போகிறார், கூட்டம் குறையும் 10 மணிக்கு மேல், மாஸ்க்கோடு. மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார். நோட்டில் நாலு பக்கம் மிச்சம் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அடுத்த ஃபெரிடின்.