கேள்வி செடியைப் பற்றி, நான் எழுதியது மருந்தைப் பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தாவரவியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு கேள்வி: "சதர்லேண்டியா ஃப்ரூட்டசென்ஸ், வகைப்பாட்டு நோக்கில் விவரி." தெரிந்த செடிதானே என்று பக்கம் பக்கமாகத் தள்ளினேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கான்கர்போஸ், அதாவது புற்றுநோய்ப் புதர். சளிக்கு, காய்ச்சலுக்கு, வயிற்றுக்குக் கஷாயம். போதாததற்கு "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்றும் ஒரு வரி. 15-க்கு 4 வந்தது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. பெயர்தான் அப்படி, மனிதர்களிடம் அது நிரூபிக்கப்பட்டதில்லை. பூ எப்படி இருக்கும் என்று ஒரு சொல்கூட நான் எழுதவில்லை.

மறுதேர்வுக்கு முன் விதை வாங்கி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, பழைய பெயின்ட் டப்பாவில் போட்டேன். டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு ஆயா, "செடி வாடுதே கண்ணு" என்று தன் கறிவேப்பிலையோடு சேர்த்து இதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றினார். இரண்டே வாரத்தில் அடித்தண்டு அழுகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியிலும் மேற்குக் கடற்கரையிலும் நமீபியா வரைக்கும் காய்ந்த மண்ணில் வளர்கிற செடி அது. நம் டர்பன் ஈரமே அதற்கு அதிகம், இதில் டப்பாவுக்கு அடியில் ஓட்டை வேறு கிடையாது. தேர்வில் வாழிடம் கேட்டால் எனக்கு இப்போது அந்த டப்பாதான் ஞாபகம் வரும்.

அப்புறம் ஒரு செப்டம்பரில் உஸ்டர் ஊரில் உள்ள கரூ பாலைவனத் தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது பூத்த செடியையே பார்த்தேன். இடுப்பு உயரம். இறகு போன்ற கூட்டிலை, சிற்றிலைகளில் நுண்மயிர். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பூசினது போல இருக்கும். பூ ஆரஞ்சு கலந்த சிவப்பு.

அந்தப் பூவில்தான் மதிப்பெண் இருக்கிறது. அவரைக் குடும்பம் என்றதும் பெரிய கொடி அல்லி (அல்லி என்றால் பூவிதழ்), இரண்டு சிறகு அல்லி, சின்னதாகப் படகு அல்லி என்று மனப்பாடத்தில் வரைந்துவிடுவோம். இங்கே படகு அல்லிதான் நீளம். கொடி அதைவிடக் குட்டை, சிறகுகளோ தேடித்தான் பார்க்க வேண்டும். மகரந்தச் சேர்க்கை செய்வது தேன்சிட்டு. தேனீ மாதிரி பூவின் மேலேயே உட்கார அதற்கு இடம் வேண்டாம். இந்தக் காரணத்தோடு படம் போட்டால் திருத்துகிறவருக்கே நாம் பூவைப் பார்த்தவர் என்று தெரிந்துவிடும். மற்றபடி புல்லி (வெளி இதழ்) 5 இணைந்தவை, மகரந்தத்தாள் 9+1 இருகற்றை (ஒன்பது ஒரு கட்டாக, ஒன்று தனியாக), ஒரே சூலக இலை, விளிம்பு சூல் ஒட்டுமுறை (சூல்கள் அந்த இலையின் விளிம்பில் ஒட்டியிருப்பது); குடும்பத்துக்குப் பொதுவானவை, ஒரே வரியில் எழுதிவிடலாம்.

நெற்றை மட்டும் கையில் எடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள். உப்பின பை, வெங்காயத் தோல் போல மெல்லிசு, சிவப்பு ஓடியிருக்கும். காற்று அதை உருட்டிக்கொண்டு போய் விதையைப் பரப்பும். தண்ணீரில் போட்டால் மிதக்கும்; கான்சிஸ், அதாவது குட்டிப் பெருவாத்துகள், என்றும் இதற்குப் பெயர் உண்டு. நம் ஊர்க் கிலுகிலுப்பை நெற்றும் உப்பினதுதான், அதே குடும்பம்தான்; அதன் சுவர் தடிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரைந்து பாருங்கள், செய்முறைத் தேர்வில் குழம்பாது.

பெயர் வரலாறு இரண்டு வரி போதும். லின்னேயஸ் 1753-இல் கொலுட்டியா என்றார். சதர்லேண்டியா பின்னால் வந்தது. 2000-இல் தாவரவியலாளர்கள் கோல்ட்பிளாட்டும் மேனிங்கும் லெஸ்ஸெர்ஷியா பேரினத்தில் சேர்த்தார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறுவது இதனால்தான். விடையில் லெஸ்ஸெர்ஷியா ஃப்ரூட்டசென்ஸ் என்று எழுதிவிட்டு, பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது என் வழக்கம்.

வேதிப்பொருள் கேட்டால் கனவானின், பினிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்). கனவானின், புரதங்களில் இருக்கும் ஆர்ஜினைனைப் போலவே இருக்கும் அமினோ அமிலம். தின்கிற பூச்சி ஏமாந்து அதைத் தன் புரதத்தில் சேர்த்துக்கொண்டால், அந்தப் புரதம் கெட்டுப்போகும். மருந்துப் பயன் எழுதும்போது "பாரம்பரியமாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதுங்கள். "குணமாக்கும்" என்று எழுதித்தான் நான் அந்தச் சிவப்புக் கோட்டை வாங்கினேன்.

மறுதேர்வில் தட்டில் வைத்திருந்தது ஒரு காய்ந்த நெற்று மட்டும். விரலால் அழுத்தினேன், பட்டென்று வெடித்துக் கறுப்பு விதைகள் மேசையெல்லாம் சிதறின. கண்காணிப்பாளர் முறைத்தார். ஒரு விதையைப் பொறுக்கி, லென்ஸில் பார்த்து, அதையும் வரைந்துவிட்டுத்தான் அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன்.