பேத்தியோடு ஓர் ஆர்.வி. பயணம்

பேரப்பிள்ளைகளை ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில், அத்தகைய வண்டிகள் நின்று தங்கும் முகாமுக்கு அழைத்துப் போகிறோம் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஊருக்கு என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடுகிற ஒரு வண்டியில் ஏறிய எட்டு வயதுக் குழந்தைக்கு, சன்னலுக்கு வெளியே தெரியும் மலையைவிட உள்ளே இருக்கும் வீடுதான் பெரிய அதிசயம். அந்த வீட்டை நடத்துவதில் அவளுக்கு ஒப்புக்கு அல்லாமல் நிஜமாகவே ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால், பொழுதுபோக்குக்கென்று தனியாக எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அதற்கு முன்னால், விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போது குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டுத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுநருக்கு மேலே இருக்கும் மாடிப் படுக்கையைப் பார்த்த எந்தக் குழந்தையும் அங்கே படுத்துக்கொண்டே வர ஆசைப்படும், கெஞ்சும், நமக்கும் மனம் இளகும். இளகக் கூடாது. வாடகைக்கு வண்டி எடுக்கும்போது எத்தனை பேர் படுக்கலாம் என்பதை மட்டும் விளம்பரத்தில் பார்த்து முடிவு செய்கிறவர்கள், எத்தனை பேர் பெல்ட்டுடன் முன்னோக்கி உட்காரலாம் என்று கேட்பதில்லை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கவாட்டில் திரும்பியிருக்கும் சோபாவில் பெல்ட் இருந்தாலும் அது குழந்தை இருக்கையைப் பொருத்துவதற்கான இடம் அல்ல. ஆகவே பேத்தியின் இருக்கையைக் கையோடு எடுத்துச் சென்று, அது உறுதியாகப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோர் உடன் வராதபோது, அவசர மருத்துவத்துக்கு ஒப்புதல் தரும் கடிதம் ஒன்றும், ஒவ்வாமை விவரமும், காப்பீட்டு அட்டையின் நகலும் கையில் இருக்க வேண்டும். எல்லை கடந்து வேறு நாட்டுக்குள் போவதாக இருந்தால் பெற்றோரின் பயண அனுமதிக் கடிதமும் வேண்டும். இவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது நம்முடைய மாத்திரைகளை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நாம் சாப்பிடும் மாத்திரைகள் சிறு குழந்தைக்கு ஒன்றிரண்டே ஆபத்தாகலாம். கிழமை வாரியாகப் பிரித்து வைக்கும் நம் பிளாஸ்டிக் பெட்டிகளைத் திறக்கக் குழந்தைக்கு நொடி நேரம் போதும். வீட்டில் உயர அலமாரியில் இருப்பது வண்டியில் குழந்தையின் கைக்கு எட்டும் இழுப்பறைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்றை வாங்கிவிட்டோம்.

முகாமில் நம் இடத்துக்கு வந்து வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் நாள் முழுவதிலும் அதிகக் கவனம் கோருபவை. நான் ஓட்டுகிறேன், என் மனைவி கீழே இறங்கி நின்று கை காட்டுகிறாள். அவள் முகம் கண்ணாடியில் தெரியாமல் போனால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். அப்படியானால் பேத்தி எங்கே? பாட்டியோடு இறங்கித் தானும் கை காட்ட வேண்டும் என்றுதான் அவள் விரும்புவாள். ஆனால் அந்த நேரத்தில் பாட்டியின் கண்கள் வண்டியின் மூலையிலும் மரக்கிளையிலும் இருக்கும், குழந்தைமேல் இருக்காது. எனவே எஞ்சின் நிற்கும்வரை அவள் பெல்ட்டோடு இருக்கையிலேயே இருப்பாள். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகு அவளுடைய ராஜ்யம் தொடங்கும்.

முதல் வேலை ரசமட்டம், அதாவது மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி. வண்டியின் தரையில் அதை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பேத்தி சொல்ல வேண்டும். அதற்கேற்ப எந்தச் சக்கரத்தின் கீழே கட்டை வைப்பது, எவ்வளவு உயரம் வைப்பது என்று நான் முடிவு செய்வேன். மட்டம் பார்ப்பது சுகமாகத் தூங்குவதற்காக மட்டும் அல்ல. பல வண்டிகளில் இருக்கும் குளிர்பதனப் பெட்டி வீட்டில் இருப்பதைப் போன்றது அல்ல. அது கேஸ் சுடரில் வேலை செய்கிறது. புதிய வண்டிகளில் மின்கலத்தில் ஓடும் கம்ப்ரஸர் பெட்டிகள் வந்துவிட்டன; நாங்கள் எடுத்தது பழைய வகை. அதன் வெளிப்பக்கத் தட்டியைத் திறந்து உள்ளே நீலமாக எரியும் சிறு சுடரை அவளுக்குக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, நெருப்பு வெச்சா ஐஸ் எப்படி வரும்?" என்றாள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது.

அவள் புறங்கையை நனைத்து ஊதச் சொன்னேன். சில்லென்று இருந்ததா? நீர் ஆவியாகும்போது கையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பெட்டிக்குள் அந்த வேலையை அம்மோனியா செய்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைச் சுடர் சூடாக்கிப் பிரிக்கிறது. அது மேலே போய், பெட்டிக்கு வெளியே சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகி, உள்ளே வந்து மறுபடி ஆவியாகும்போது நம் பால், பழங்களின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு மீண்டும் தண்ணீரில் கரைந்து கீழே வடிகிறது. இதில் பம்பு கிடையாது, அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தானாக ஏறி, தானாக வடிய வேண்டும் என்பதால்தான் வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிக் குளிர்ச்சி நின்றுபோகிறது. 1922 வாக்கில் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் இதை உருவாக்கினார்கள் என்றும் சொன்னேன். மாணவர்கள் என்றதும் அவளுக்கு மரியாதை கூடிவிட்டது. அதன் பிறகு கட்டை வைப்பதில் நான் கொஞ்சம் அலட்சியம் காட்டினாலும் "குமிழி நடுவுல இல்ல" என்று குரல் வரும்.

தண்ணீர் இன்னும் பெரிய பாடம். வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, வடிகாலில் போகிறது. எங்கிருந்து, எங்கே என்று கேட்கக் குழந்தைக்குக் காரணமே இல்லை. வண்டியிலோ மூன்று தொட்டிகள்: நன்னீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. சுவரில் ஒரு பலகையில் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று விளக்குகள் காட்டும். அந்தப் பலகைக்குப் பேத்தியை அதிகாரியாக்கினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் வண்டி 150 கிலோ கனம் கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும், "ரெண்டு தாத்தா" என்றாள். உடலை நனைத்துக்கொண்டு குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசும் குளியல் முறையை நாங்கள் அறிவுரையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளோ என்னவோ, விளக்கு ஒன்று அணைவதைக் கண்ணால் பார்த்த பிறகு அவளே எங்களைக் கண்காணிக்கத் தொடங்கினாள். கழிவறைத் தொட்டியின் அளவுகாட்டியை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே காகிதம் ஒட்டிக்கொண்டால் காலியான பிறகும் நிறைந்திருப்பதாகவே காட்டும்.

கழிவைத் திறந்துவிடும் வேலையில் குழந்தைக்கு இடமில்லை. கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்ய வேண்டியது அது. முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் நீர்த் தொட்டி. அப்போதுதான் பின்னால் வரும் நீர் குழாயை அலசிவிடும். இந்த வரிசையைத் தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்கு முன் எச்சரிக்கைக் கருவிகளின் சோதனைப் பொத்தான்களை அழுத்துவதும் அவள் பொறுப்பு. சமையல் கேஸாகப் பயன்படும் புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். ஆகவே அதைக் கண்டறியும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பார்கள். அவள் உயரத்துக்கு அது வசதி. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால் அதற்கான கருவி கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் ஆயுள் காலம் உண்டு; முதுகுப்புறத்தில் தேதி அச்சிட்டிருக்கும். வாடகை வண்டியில் அதையும் பாருங்கள்.

இரவைப் பற்றி ஒரு சொல். படுக்கப்போகும் நேரத்தில் அம்மாவிடம் வீடியோவில் பேச வைப்பது பாசம்போலத் தோன்றும், ஆனால் குழந்தையின் ஏக்கத்தைக் கிளறிவிடுவது அதுதான். அழைப்பைக் காலைக்கு மாற்றினோம். காலையில் அவளுக்குச் சொல்ல ஆயிரம் செய்தி இருந்தது. அம்மாதான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று துண்டிக்க வேண்டியிருந்தது. முகாம்களில் பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி இருப்பதும் எங்களுக்குச் சாதகம், ஏனென்றால் தூங்கு என்று சொல்கிறவர்கள் நாங்கள் அல்ல, முகாம்.

கிளம்பும் நாளில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைப் பேத்தியின் கையெழுத்தில்தான் வைத்திருக்கிறோம். வெயில் மறைப்பு சுருட்டியாயிற்றா, படிக்கட்டு உள்ளே போயிற்றா, ஆண்டெனா இறங்கியதா, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் மூன்றும் கழற்றியாயிற்றா, கேஸ் வால்வு மூடியதா, அலமாரிக் கொக்கிகள் விழுந்தனவா, முட்டுக்கட்டைகள் எடுத்தாயிற்றா. எழுபதை நெருங்குகிற எங்களுக்கு எல்லாம் மனப்பாடம் என்ற நினைப்பு உண்டு. அவளுக்கு அந்த நினைப்பு இல்லாததால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான் பென்சிலால் குறி போடுகிறாள். பட்டியலின் கடைசியில் யாரும் சொல்லாமலே "தாத்தாவின் மூக்குக் கண்ணாடி" என்றும் சேர்த்திருக்கிறாள்.