டீசல் விலையும் கோடை உழவும்: ஒரு டிராக்டர்காரரின் நாட்குறிப்பு

22 மார்ச் 2022, செவ்வாய்

இன்று காலை ஆறு மணி முதல் டீசல் லிட்டருக்கு 76 பைசா உயர்ந்துவிட்டது. சென்னை விலை 92 ரூபாய் 19 பைசா. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். பெட்ரோலும் ஏறியிருக்கிறது, சமையல் எரிவாயு உருளைக்கு 50 ரூபாய் ஏறியிருக்கிறது. நவம்பர் 4ஆம் தேதிக்குப் பிறகு 137 நாட்கள் ஒரு பைசாகூட அசையாமல் நின்ற விலை இது. பிப்ரவரி 24ஆம் தேதி உக்ரைன் போர் தொடங்கி, கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு நூறு டாலரைத் தாண்டிய போதும் அது அசையவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10ஆம் தேதி வெளியாயின; பன்னிரண்டாம் நாள் விலை ஏறுகிறது. டீசல் விலையை 2014 அக்டோபரிலேயே எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டுவிட்டோம் என்று அரசு சொல்கிறது. 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாறும் முறையும் வந்துவிட்டது. அப்படியிருக்க, வாக்குப்பதிவு நடக்கும் மாதங்களில் மட்டும் விலை எப்படி நிற்கிறது என்பதற்கு யாரும் நேரான பதில் சொல்வதில்லை.

28 மார்ச், திங்கள்

பொது வேலைநிறுத்தம். பேருந்துகள் பெரும்பாலும் ஓடவில்லை. பருத்திக்குக் களை எடுக்க வரும் பெண்கள் டவுன் பஸ்ஸில் கட்டணமின்றி வந்துபோவார்கள். இன்று ஆறு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்டதையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

1 ஏப்ரல், வெள்ளி

இன்று எரிபொருள் விலை ஏறவில்லை. ஆனால் மாநிலத்தின் பல சுங்கச்சாவடிகளில் நேற்று நள்ளிரவு முதல் கட்டணம் உயர்ந்துவிட்டது. ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து லாரியில் ஏற்றி வரப்படும் அறுவடை மிஷின்கள் இந்தச் சாவடிகளைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்கு வர வேண்டும். அடுத்த அறுவடையில் மணி வாடகை பேசும்போது அந்தக் கட்டணமும் எங்கள் தலையில்தான் விழும்.

6 ஏப்ரல், புதன்

சென்னையில் டீசல் 100 ரூபாய் 94 பைசா, பெட்ரோல் 110 ரூபாய் 85 பைசா. பதினாறு நாட்களில் பதினான்கு முறை உயர்த்தி, டீசலில் மட்டும் 9 ரூபாய் 51 பைசா கூட்டிவிட்டார்கள்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் மாட்டி ஓட்டினால் என் வண்டி மணிக்குச் சுமார் ஐந்து லிட்டர் குடிக்கும். ஆக மணிக்கு 47 ரூபாய் கூடுதல் செலவு. வங்கித் தவணை, டிரைவர் சம்பளம், ஆயில், தேய்ந்த பிளேடு எல்லாம் போக மிஞ்சுவதே அதற்குச் சற்று மேல்தான் என்பதால், மணிக்கு ஆயிரமாக இருந்த வாடகையை 1050 ஆக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இதை முதலில் சொல்ல வேண்டியிருந்தது கீழத்தெருப் பெரியவரிடம். அவருக்கு நான்கு மா நிலம், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். கோடை உழவுக்குச் சொல்லி வைத்திருந்தார். மடியில் கட்டியிருந்த பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். "போன வருசக் கணக்குப்படிதான் தம்பி எடுத்தாந்தேன்" என்றார். மீதியை அறுவடைக்குப் பிறகு தரலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை வயலில் இறக்கினேன். டீசல் விலை இறங்கினால் வாடகையும் அன்றே இறங்கும் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மனத்தை அறுப்பது இதுதான். லாரிக்காரர் வாடகையைக் கூட்டுகிறார், உரக்கடைக்காரர் கூட்டுகிறார், நானும் கூட்டுகிறேன். நெல் விளைவிப்பவர் மட்டும் யாரிடமும் கூட்டிக் கேட்க முடியாது. இந்தப் பருவத்தில் சன்னரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை 1960 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 100, ஆக குவிண்டால் 2060. கொள்முதல் நிலையத்தில் அந்த எண் ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும்; பெட்ரோல் பங்கில் உள்ள எண்ணோ தினமும் காலை ஆறு மணிக்கு மாறுகிறது.

10 ஏப்ரல், ஞாயிறு

உறவினர் வீட்டுக் காரியத்துக்காக நாகப்பட்டினம் போய்வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைவு. எங்கள் மாவட்டத்துக் கமலாபுரத்திலும் அடியக்கமங்கலத்திலும் பூமிக்கடியிலிருந்து கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கத்து நரிமணம் எண்ணெயை நம்பி 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. ஆனாலும், வெளிநாட்டிலிருந்து டீசலாகவே கப்பலில் கொண்டுவந்தால் கப்பல் கூலியும் காப்பீடும் சுங்கமும் சேர்ந்து என்ன ஆகுமோ, பெரும்பாலும் அதை அளவுகோலாக வைத்தே விலை கணக்கிடப்படுகிறது. எண்ணெய்க் குழாய் போன வயலுக்குச் சொந்தக்காரரும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார்.

27 ஏப்ரல், புதன்

முதல்வர்களுடன் காணொலியில் பேசிய பிரதமர், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் எரிபொருள் மீதான தங்கள் மதிப்புக் கூட்டு வரியைக் குறைக்கவில்லை என்று குறை சொல்லியிருக்கிறார். மாநிலத்திலிருந்து உடனே மறுப்பு வந்துவிட்டது. இரு தரப்பும் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

2014இல் ஒரு லிட்டர் டீசல் மீதான மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 பைசா. கச்சா எண்ணெய் சரிந்தபோதெல்லாம் அந்தச் சரிவை எங்களிடம் வரவிடாமல் வரியை ஏற்றினார்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் உலகமே எண்ணெய் வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, ஒரே நாளில் 13 ரூபாய் ஏற்றி ஏறத்தாழ 32 ரூபாயாக்கினார்கள். கடந்த நவம்பரில் 10 ரூபாய் குறைத்த பிறகும் இப்போது 21 ரூபாய் 80 பைசா இருக்கிறது. அதில் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 80 பைசா. மற்றதெல்லாம் செஸ் (தனி நோக்கத்துக்கான வரி), கூடுதல் வரி என்ற பெயரில் தில்லியிலேயே நின்றுவிடுகிறது.

மாநிலமும் அதே 2020 மே மாதம்தான் டீசலில் இரண்டரை ரூபாய் ஏற்றியது. அன்றிலிருந்து லிட்டருக்கு 9 ரூபாய் 62 பைசாவோடு 11 சதவீதமும் வாங்குகிறது. இந்தச் சதவீதம் மத்திய வரியின் மீதும் விழுகிறது. அதாவது வரிக்கு வரி. தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாகச் சொன்னவர்கள் ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதற்கு நன்றி. டீசலின் 4 ரூபாய்க்காக நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம். உழவும் அறுவடையும் இன்ஜின் வைத்து நீர் இறைப்பதும் டீசலில்தான் நடக்கின்றன என்பது இந்த டெல்டாவில் வாக்குக் கேட்டு வந்த எல்லோருக்கும் தெரியும்.

22 மே, ஞாயிறு

மத்திய அரசு நேற்று மாலை டீசல் மீதான கலால் வரியில் 6 ரூபாயும் பெட்ரோலில் 8 ரூபாயும் குறைத்திருக்கிறது. சென்னையில் டீசல் இன்று 94 ரூபாய் 24 பைசா. ஆறு குறைத்ததற்கு 6 ரூபாய் 70 பைசா இறங்கியிருக்கிறது. மேலே எழுதிய வரிக்கு வரி அந்த அளவுக்குத் தானாகக் கழன்றிருக்கிறது. மார்ச் 21ஆம் தேதி விலையோடு வைத்துப் பார்த்தால் இன்னும் 2 ரூபாய் 81 பைசா கூடுதல். குறைத்தது நல்லதுதான், மனமார ஏற்கிறேன். ஆனால் இந்த ஆறு வாரங்களில் கோடை உழவு முடிந்துவிட்டது. அதற்கு ஊற்றிய டீசல் நூறு ரூபாய் டீசல்.

24 மே, செவ்வாய்

மேட்டூர் அணையை முதல்வர் இன்று திறந்துவைத்தார். வழக்கமான ஜூன் 12க்கு 19 நாட்கள் முன்பாகவே தண்ணீர் வருகிறது. கல்லணை திறந்து, எங்கள் வாய்க்காலுக்கு நீர் வந்து சேர்வதற்குள் நாற்றங்காலுக்குச் சேடை, அதாவது சேற்றுழவு, ஓட்ட வேண்டும்.

மாலையில் சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீலைத் துடைத்து வெளியே எடுத்து வைத்தேன். டீசல் இறங்கிய கணக்குக்கு மணிக்கு 33 ரூபாய் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை முதலே வாடகையை 1020 ஆக்கிவிட்டேன். கீழத்தெருப் பெரியவர் நாற்றங்காலுக்குச் சொல்ல வந்தார். கோடை உழவு பாக்கியை இந்த விலைக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்டார். அன்றைக்கு ஊற்றிய டீசல் அன்றைய விலைதான் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1020 என்றே எழுதிக் கொடுத்தேன்.