டீல் கோட்டையில் ஒரு மேசனின் மகன்

கிட்டப் போகும்வரை அங்கே ஒரு கோட்டை இருப்பதே தெரியவில்லை. ஒரு பக்கம் கூழாங்கல் கடற்கரை, மறுபக்கம் வரிசையாக வீடுகள். காரை நிறுத்திவிட்டு நாலு அடி வைத்த பிறகுதான் அகழி தெரிந்தது. அகழிக்குள் இறங்கி நிற்கும் சுவர் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு உடனே யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. தீவுப் பக்கமிருந்து பண்ணைப் பாலத்தால் வரும்போது எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையும் இப்படித்தான் நிலத்தோடு ஒட்டிப் பதுங்கிக் கிடக்கும்.

அக்காவின் மூத்த மகளின் கலியாணத்துக்காகப் போன வருசம் இங்கிலாந்து போயிருந்தேன். அக்கா வீடு கென்ட் பக்கம். கலியாணம் முடிந்து கையில் ஒரு கிழமை மிச்சம் இருந்தது. டீல் என்ற ஊரில் உள்ள கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றேன். "கோட்டை பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தனீ? வீட்டு வாசலில ஒரு கோட்டை கிடக்குத்தானே" என்றார் அக்கா. மருமகன் வேறு ஒன்று சொன்னான்: "மாமா, டீல் சின்னக் கோட்டை. டோவருக்குப் போனா முழு நாளும் பார்க்கலாம்."

எனக்கு டீல்தான் வேண்டும். வீட்டுப் படம் கீறுவது என் தொழில். வானத்திலிருந்து எடுத்த டீல் கோட்டையின் படம் ஒன்றைப் பல வருசத்துக்கு முன் பார்த்திருந்தேன். நடுவில் ஒரு வட்டக் கோபுரம். அதைச் சுற்றி ஆறு அரைவட்டக் கொத்தளங்கள், அதாவது சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்கும் பீரங்கி மேடைகள். அவற்றுக்கு வெளியே இன்னும் ஆறு பெரிய கொத்தளங்கள், பிறகு அகழி. யாரோ ஒரு பூவைக் கல்லில் கட்டி வைத்த மாதிரி இருக்கும். அந்தப் படம் மனதை விட்டுப் போகவே இல்லை.

போகும் வழியில் டோவர் கோட்டையைக் காருக்குள் இருந்தே பார்த்தேன். மலை உச்சியில் சதுரக் கோபுரம், 80 அடிக்கு மேல் உயரம். இரண்டாம் ஹென்றி 1180-களில் கட்டியது. அம்பும் ஏணியும் ஆயுதமாக இருந்த காலத்தில் உயரம்தான் பலம். பீரங்கி வந்த பிறகு அதே உயரம் ஆபத்தாகிவிட்டது. தூரத்தில் நின்றே குறிபார்த்து இடிக்கலாம். அதனால் கோட்டைகள் குனிந்து நிலத்துக்குள் இறங்கின, சுவர் தடித்தது. டீல் கோட்டை அப்படிக் குனிந்த கோட்டை.

அதைக் கட்டியவர் எட்டாம் ஹென்றி. மனைவியை விலக்க ரோமாபுரி சம்மதிக்காததால் திருச்சபையையே ரோமிலிருந்து பிரித்துக்கொண்டார். 1538-இல் பிரான்ஸ் அரசரும் பேரரசர் ஐந்தாம் சார்லசும் சமாதானமாகினார்கள். இனி இருவரும் சேர்ந்து தன்மேல் வருவார்கள் என்று ஹென்றிக்குப் பயம். தென்கரை நெடுகக் கோட்டைகள் கட்டச் சொன்னார். டீலுக்கு முன்னால் உள்ள கடலை டவுன்ஸ் என்கிறார்கள். குட்வின் மணல்திட்டு அலையை மறிப்பதால் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட்டுக் காற்றுக்குக் காத்திருக்கும். அந்தத் துறையைக் காக்க சாண்டவுன், டீல், வால்மர் என்று மூன்று கோட்டைகளை அடுத்தடுத்துக் கட்டினார்கள். 1539-இல் தொடங்கி அடுத்த வருசமே முடித்துவிட்டார்கள். 1539 டிசம்பரில் ஹென்றியை மணக்க வந்த கிளீவ்ஸ் நாட்டு ஆன் டீல் கரையில்தான் இறங்கினார். அவரை இந்தக் கோட்டைக்குத்தான் அழைத்துப் போனார்கள்.

இந்த அவசரத்துக்கு நடுவே நடந்த ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1539 ஜூனில் டீலில் வேலை செய்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாட்கூலி 5 பென்ஸ், அதை 6 பென்ஸ் ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கிடைத்தது சிறை. முன்னின்ற ஒன்பது பேரை உள்ளே போட்டார்கள். என் ஐயா மேசன். நாற்பது வருசம் கரண்டி பிடித்தவர். சனிக்கிழமை பின்னேரம் கூலியை எண்ணி வாங்கி, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வரும் அவருடைய முகம் எனக்குத் தெரியும். கோட்டையைப் பற்றிப் படித்ததில் அரசனை விட அந்த ஒன்பது பேர்தான் எனக்குக் கிட்டத்து மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

சரி, கோட்டைக்குள் போவோம். வாசலே மேற்குப் பக்கக் கொத்தளத்துக்குள் இருக்கிறது. மேல்தளங்களில் பீரங்கி வைக்க 66 இடங்கள். அவற்றைச் சும்மா ஒரு சுற்றுப் பார்த்தேன். என்னைப் பிடித்து வைத்தது கீழே உள்ள ஒரு நடைவழி. வெளிக் கொத்தளங்களின் அடிவயிற்றுக்குள் கோட்டையைச் சுற்றி ஓடுகிறது. ஒருவர் போகலாம், எதிரே இன்னொருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஈரம், இருட்டு. தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நின்றது. சில அடிக்கு ஒருதரம் சுவரில் ஒரு துவாரம். உள்பக்கம் அகன்று, வெளிப்பக்கம் ஒடுங்கி, அகழியைப் பார்த்தபடி இருக்கும். இப்படி 53 துவாரங்கள். ஒன்றில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அகழிப் புல்லும் எதிர்ச் சுவரும் கண் மட்டத்தில் தெரிந்தன.

இந்த நடைவழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை கோட்டையின் வடிவத்தில் இருக்கிறது. வளைந்த சுவரில் குண்டு பட்டால் சறுக்கிப் போகும், அதனால் வட்டமாகக் கட்டினார்கள். ஆனால் வட்டத்தில் ஒரு குறை உண்டு. பக்கத்துக் கொத்தளத்திலிருந்து கோடு இழுத்துப் பாருங்கள். வளைவின் மூக்குக்கு முன்னால் ஒரு துண்டு நிலம் எந்தக் கோட்டிலும் அகப்படாது. எதிரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் மேலே உள்ள பீரங்கி ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் துண்டைக் காக்கத்தான் 53 துவாரங்களும்.

இத்தாலிக்காரர் இதற்கு வேறு வழி கண்டிருந்தார்கள். கொத்தளத்தை வட்டமாக இல்லாமல் அம்பு முனை மாதிரிக் கட்டினால், ஒவ்வொரு முகத்தையும் பக்கத்துக் கொத்தளத்தின் விலாவிலிருந்து நேர்கோட்டில் சுடலாம். மறைவிடம் என்று ஒன்று இருக்காது. டீல் கட்டிக் கொஞ்சக் காலத்திலேயே இங்கிலாந்தும் அந்த முறைக்கு மாறியது. 1547-இல் முடிந்த யார்மவுத் கோட்டையில் அம்பு முனைக் கொத்தளம் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை அந்த முறை முற்றி விளைந்த காலத்தது. போர்த்துக்கேயர் நாற்சதுரமாகக் கட்டியதை 1658-இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாக மாற்றினார்கள். சீலந்து, ஹோலந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் மாகாணங்களின் பெயரை ஐந்து கொத்தளங்களுக்கும் வைத்தார்கள். சின்ன வயதில் அந்த மூலைகள் ஏன் இப்படிக் கூராக நீண்டு நிற்கின்றன என்று யோசித்திருக்கிறேன். அதற்கு விடை தெரிய டீலின் அந்த இருட்டு நடைவழிக்குள் நான் போக வேண்டியிருந்தது. ஒரே கேள்விக்கு அங்கே வட்டத்தால் பதில் சொன்னார்கள், இங்கே கோட்டால் சொன்னார்கள்.

வெளியே வந்து சுவரைத் தடவிப் பார்த்தேன். மேசன் வீட்டுப் பிள்ளைக்கு அது கைப்பழக்கம். கரடுமுரடான சாம்பல் கற்களுக்கு நடுவே வெண்ணெய் நிறத்தில், ஒழுங்காகச் செதுக்கிய கற்கள். அவை கான் கற்கள். பிரான்சின் நோர்மண்டியில் கான் என்ற ஊர்ப்பக்கம் வெட்டி, பல நூறு வருசத்துக்கு முன்னால் கடல் கடந்து கென்ட்டுக்கு வந்து, மடங்களாக நின்றவை. ஹென்றி மடங்களை மூடி இடிப்பித்தார். இடித்த கல் கடற்கரைக்கு வந்து கோட்டையாகிவிட்டது. பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்து கட்டிய சுவரில் பிரெஞ்சுக் கல், அதுவும் யாரோ துறவிகள் தோத்திரம் பாடிய இடத்துக் கல்.

அந்தக் கல்லில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். "என்ன மாமா?" என்று மருமகன் கேட்டான். அவனுக்கு ஐயாவைப் பற்றிச் சொன்னேன்.

போர் முடிந்து எங்கள் கோட்டைக்குள் சனம் போய்வரத் தொடங்கிய காலத்தில் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சுவர் பெரும்பாலும் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். வெய்யில் சரிவாக விழும்போது அதில் பூ விரிந்த மாதிரிக் கோடுகள் தெரியும், கடலுக்குள் உயிரோடு இருந்ததன் அடையாளம். ஐயா ஒரு விரலால் அந்தக் கோடுகளில் மெதுவாகத் தடவினார். சாந்தைச் சுரண்டி விரல்நுனியில் நசுக்கிப் பார்த்து, "நல்லாச் சுட்ட சுண்ணாம்பு" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும் செதுக்கிய கருங்கல் ஒன்றின் முன் நின்றார். "தம்பி, இது கோட்டைக்கெண்டு வெட்டின கல்லில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையை எடுக்கவில்லை.

1621-இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அந்தக் கற்கள்தான் கோட்டைக்குப் போனதாக எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். கோட்டைக்குள் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஐயா தொட்ட கல் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கல்தான் சொல்ல வேண்டும். ஆனால் உளி பிடித்த விதத்தைப் பார்த்து அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

டீலின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயந்த படையெடுப்பு வரவில்லை. 1648-இல் உள்நாட்டுச் சண்டையில்தான் முற்றுகையைக் கண்டது, ஆகஸ்டில் சரணடைந்தது. இப்போது மேலே தெரியும் பல் பல்லான கைப்பிடிச்சுவர் 1730-களில் அழகுக்கு வைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. குண்டு சறுக்குவதற்காக வளைத்துக் கட்டிய கோட்டைக்கு அந்தப் பற்கள் பொருந்தவே இல்லை. கடல்பக்கம் பிறகு கட்டிய தளபதி வீட்டை இரண்டாம் உலகப் போரில் ஒரு குண்டு அழித்தது. அதன் பிறகு கோட்டையைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் கோட்டையில் 1706-இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990 சண்டையோடு போனது போனதுதான். சாண்டவுன் கோட்டையைக் கடல் தின்றுவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பெரிய தாள் விரித்து, இரண்டு கோட்டைகளையும் ஒரே அளவுத்திட்டத்தில் கீறினேன். டீல் 234 அடிக்கு 216 அடி, மொத்தம் 0.85 ஏக்கர். எங்கள் கணக்கில் பதின்மூன்றரைப் பரப்பு. வெட்டி எடுத்து யாழ்ப்பாணக் கோட்டையின் படத்தில் வைத்தேன். ஐங்கோணத்தின் உள்ளே முழுப் பூவும் அடங்கியது, சுற்றிவர நடக்க இடமும் இருந்தது. எங்கள் கோட்டையின் வெளி அரண்கள் முடிந்தது 1792-இல். மூன்றே வருசத்தில், 1795-இல், ஆங்கிலேயர் வந்தபோது பெரிய சண்டை எதுவும் இல்லாமலே அது கைமாறியது.

படத்தில் உட்ரெக்ட் கொத்தளத்தின் ஒரு கோணம் மட்டும் சரிவரவில்லை. இந்தக் கிழமை மழை விட்டால் அளவுநாடாவோடு முனியப்பர் கோயில் பக்கத்தால் போய் இன்னொருதரம் அளக்க வேண்டும். ஐயா கை வைத்த அந்தக் கல்லையும் பார்த்துவிட்டு வருவேன்.