வேலியோரத்து நொச்சி

யாழ்ப்பாணத்தில் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் ஒருவருக்காவது தடிமன் வந்துவிடும். அப்போதெல்லாம் அம்மம்மா கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு பின்வேலிப் பக்கம் போவார். அவர் குசினிக்குள் நுழைவதற்கு முன்பே நொச்சியின் மணம் உள்ளே வந்துவிடும்.

நொச்சியை அறியாதவர்கள் அதன் இலையைக் கொண்டு அடையாளம் காணலாம். ஒரே காம்பின் நுனியில் ஐந்து சிற்றிலைகள், சில வேளைகளில் மூன்று மட்டும், விரல்களைப் போல விரிந்திருக்கும். நடுவிலை மற்றவற்றைவிட நீண்டும், கீழ்ப்புறம் சாம்பல் பூத்தாற்போல வெளிறியும் காணப்படும். சங்கப் புலவர் ஒருவர் இவ்விலையை மயிலின் அடிக்கு ஒப்பிட்டது மூவிலைக் காம்பைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம். தாவரவியலில் வைடெக்ஸ் நெகுண்டோ எனப்படும் இது, துளசியும் கற்பூரவள்ளியும் அடங்கிய அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் நொச்சி என்றால் முதலில் வேதுதான். மண்முட்டியில் நீர் விட்டு, நொச்சியிலையோடு தேசியிலையும் ஒரு துண்டு மஞ்சளும் போட்டு, வாயை வாழையிலையால் கட்டி அம்மம்மா அடுப்பில் ஏற்றுவார். நன்றாகக் கொதித்ததும் முட்டியை இறக்கி, எங்களை அதன் முன்னால் பலகையில் இருத்தி, தலையோடு போர்வையால் மூடிய பின்னரே இலையைக் கிழித்துவிடுவார். முதல் மூச்சு தொண்டையில் காரமாக இறங்கும், கண் எரியும். ஆவி தணிந்ததும் அடுப்பில் பழுக்கக் காய்ந்த செங்கல் துண்டொன்றை இடுக்கியால் எடுத்து முட்டிக்குள் போடுவார். சொய்யென்ற ஓசையோடு ஆவி மறுபடியும் கிளம்பும். ஒருமுறை நான் பொறுமையிழந்து காலை நீட்டியதில் முட்டி சரிந்தது. அந்தச் சுடுநீர் பட்ட வடு என் வலது முழங்காலில் இன்னும் இருக்கிறது. சிறுவர்களைப் போர்வைக்குள் தனியே விடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். வேது அடைத்த மூக்குக்கும் தலைப்பாரத்துக்கும் இதம் தரும்; கொரோனாக் காலத்தில் சிலர் நம்பியதுபோல அது கிருமியை அழித்துவிடாது.

நொச்சியை உள்ளுக்குக் கொடுப்பது நாட்டு வைத்தியரான பரியாரியாரின் வேலை. வீட்டுப் பெண்கள் அதன் மணத்தையும் சூட்டையுமே பயன்படுத்தினார்கள். பிள்ளை பெற்ற தாயைக் குளிக்க வார்க்கும் நீரில் பாவட்டை, ஆமணக்கு, வேப்பிலை ஆகியவற்றோடு நொச்சியும் அவியும். சுளுக்குக்கு இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுப்பார்கள். பொழுதுபடும் நேரத்தில் காய்ந்த இலையைத் தணலில் போட்டு நுளம்புக்குப் புகை காட்டுவதும், பயறும் உழுந்தும் வைத்த பானைக்குள் வண்டு வராதிருக்க ஒரு பிடி போட்டு வைப்பதும் வழக்கம்.

பழந்தமிழ்ப் புறத்திணையில் மதிலைக் காத்து நின்ற வீரர்கள் சூடியது நொச்சிப் பூ. எங்கள் ஒழுங்கையிலோ மதில் கட்டுவதற்காகத்தான் நொச்சியை வெட்டினார்கள். கொப்புகளை நட்டு வளர்த்த எங்கள் கதியால் வேலியும் அவ்வாறே போனது; மேசன்மார் அத்திவாரம் வெட்ட வருவதற்கு முதல்நாள் மாலை இரண்டு கொப்புகளை முறித்துக் கிணற்றடியில் ஊன்றினேன். ஒன்று பட்டுவிட்டது, மற்றது இப்போது என்னைவிட உயரமாக நிற்கிறது.

பீனிசம் என்னும் மூக்கடைப்பு நோயால் அவதிப்படும் அம்மாவுக்கு அதன் இலைகளை நிழலில் உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் தைத்த தலையணைக்குள் அடைத்துக் கொடுக்கிறேன். மணம் மங்கியதும் தலையணையை என் கட்டிலில் போட்டுவிடுவார். இலை மாற்ற வேண்டும் என்பதற்கு அதுவே அறிவித்தல்.