வளவில் மண்புழு ஏன் நிற்பதில்லை?

காசு கொடுத்து வாங்கிய மண்புழுவை வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மணல் வளவில் கொட்டிவிட்டு, கொஞ்ச நாளில் ஒன்றையும் காணவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் மட்டக்களப்பில் நிறையப் பேர். எருத் தொட்டிக்கென்று விற்கும் புழு சாணத்திலும் குப்பையிலும் வாழ்கிற இனம். வெறும் மணலில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. புழு வாங்க முன்னர் நிலத்தைப் பாருங்கள்.

மண்புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். கரையோர மணலில் தண்ணீர் தங்காது, பருமணல் உடம்பையும் உராயும். வாவியை அண்டிய காணி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் வேளாண்மை செய்யும் வயலில் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. அப்படி நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துவிடுவதால் புழுவுக்கு வரம்புதான் புகலிடம். அந்த வரம்புக்கும் களைநாசினி அடித்துப் பொட்டலாக்கினால், வெட்டு முடிந்து வயல் வடிந்த பிறகு திரும்பி இறங்கப் புழு மிஞ்சுவது குறைவு. வரம்புப் புல்லை வெட்டி அங்கேயே போட்டுவிடுவதே நல்லது.

எவ்வளவு புழு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோண்டி ஏமாறவேண்டாம். அப்போது பல புழுக்கள் ஆழத்தில் சிறு குழி செய்து, உடம்பை முடிச்சுப்போல் சுருட்டி, சளிபூசிய சுவருக்குள் உறங்கிக் கிடக்கும். மாரி மழை ஓய்ந்து மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாத ஒரு காலைப் பொழுதைத் தெரிவுசெய்யுங்கள். 25 சென்ரிமீற்றர் சதுரத்தில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சாக்கில் கொட்டி, கையால் உதிர்த்து எண்ணுங்கள். 16ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கான கணக்கு வரும். ஒரு குழியை நம்பாமல் மர நிழல், வெளி, வேலியோரம் என்று ஐந்தாறு இடம் பாருங்கள். கழுத்துப் பக்கம் தடித்த பட்டி இருந்தால் வளர்ந்த புழு. பட்டியில்லாத குஞ்சுகளும் கூடவே கிடைத்தால் அங்கே இனம் பெருகுகிறது.

நம்மவர்கள் வளவைக் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். புழுவின் சாப்பாடே அந்தச் சருகுதான்! மணல் வளவில் புழு இல்லாமற்போக இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முற்றத்தைக் கூட்டுங்கள், மற்ற இடத்தை விடுங்கள். தென்னையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணால் மூடினால் ஈரம் நிற்கும். அதன்மேல் கிளிசிரிடியா இலையும் உக்கிய மாட்டெருவும் போட்டு, வைக்கோலால் நாலு அங்குலம் மூடுங்கள். தென்னோலை மட்டும் போட்டால் உக்க நெடுநாள் எடுக்கும்.

பச்சைக் கோழியெருவை நேரே போடக்கூடாது. அதிலுள்ள அமோனியாவும் உப்பும் புழுவுக்கு ஆகாது. யூரியாவையும் ஒரே இடத்தில் குவிக்காமல், மண் ஈரமாக இருக்கும்போது பிரித்துப் போடவேண்டும். வருடக்கணக்கில் அமோனியப் பசளையே போட்டுவந்தால் மண் புளித்துவிடும், புளிப்பைக் காட்டும் pH அளவு 4.5க்குக் கீழே போனால் பெரும்பாலான இனங்கள் தாக்குப்பிடிக்காது. செம்பு கலந்த பூஞ்சணநாசினி இன்னும் மோசம். செம்பு உக்கிப்போகாது, அடித்த ஒவ்வொரு முறையும் மேல்மண்ணிலேயே சேர்ந்துகொண்டு போகும்.